கிளட்ச் பிடிக்கவில்லையா, விடவில்லையா?

பண்டாரவளையில் இருக்கும் என் மாமாவின் சீரிஸ் 3 லேண்ட் ரோவர் ஒருநாள் காலையில் ரிவர்ஸ் கியர் விழாமல் கரகரவென்று கத்தியது. "கிளட்ச் போச்சு மருமகனே" என்றார். கராஜிலும் அதையேதான் சொன்னார்கள். சீட் பெட்டியையும் தரைத் தகடுகளையும் கழற்றி, கியர்பொக்ஸைத் தூக்கிக் கதவு வழியாக வெளியே எடுத்தார்கள். அந்த வண்டியில் கிளட்சைக் கண்ணால் பார்க்க அதுதான் வழக்கமான வழி, இரண்டு நாள் வேலை. வெளியே வந்த கிளட்ச் பிளேட்டில் இன்னும் நல்ல கனம் இருந்தது. பழுது பெடலுக்கு மேலே இருந்த மாஸ்டர் சிலிண்டரில் (கால் மிதிப்பதை ஒயில் அழுத்தமாக மாற்றும் உறுப்பு), விரல் நுனி அளவு ரப்பர் சீல் ஒன்றில்.

அந்த இரண்டு நாள் கூலியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். "கிளட்ச் போச்சு" என்ற ஒரே வார்த்தைக்குள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு பழுதுகள் இருக்கின்றன. ஒன்று, கிளட்ச் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் வழுக்குவது. மற்றது, விட வேண்டிய நேரத்தில் விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பது. எது என்று தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது.

எஞ்சினோடு சேர்ந்து ஃப்ளைவீல் எந்நேரமும் சுற்றுகிறது. அதன் முகத்துக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் சப்பாத்தி போல அழுத்தப்பட்டிருக்கிறது. ஸ்பிரிங் அழுத்துவதால் இரண்டு பக்கமும் உராய்வு பிடிக்கிறது, எஞ்சினின் இழுவை கியர்பொக்ஸுக்குப் போகிறது. நாம் பெடலை மிதிக்கும்போது ஸ்பிரிங்கின் அழுத்தத்தைத் தளர்த்துகிறோம், அவ்வளவுதான். பிடிப்பது ஸ்பிரிங்கின் வேலை, விடுவிப்பது நம் காலின் வேலை. ஆகவே வழுக்கினால் பிளேட், ஸ்பிரிங், உராய்வுப் பரப்பு ஆகியவற்றின் மேல் சந்தேகம் வர வேண்டும், விடவில்லை என்றால் காலிலிருந்து பிரஷர் பிளேட் வரை உள்ள பாதையை முதலில் பார்க்க வேண்டும்.

வழுக்குகிறதா என்று பார்க்க ஏற்றமான ரோட்டில் நான்காவது கியரில், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில், அக்சிலேட்டரை நன்றாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டியின் வேகம் ஏறாவிட்டால் வழுக்கல்தான், கூடவே கருகிய வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம். இந்தச் சோதனையை நுவரெலியா டவுனுக்குள் செய்யாமல் கம்பளையிலிருந்து புசல்லாவ, இறம்பொடை பக்கமாக ஏறும்போது கீழேயே செய்து பார்ப்பது நல்லது. நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்குள் போகும் காற்று குறைய இழுவையும் குறைகிறது, அதனால் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருக்கும் கிளட்ச் மேலே போனதும் நல்ல பிள்ளை போல நடந்துகொள்ளும். கீழே, எஞ்சின் முழுப் பலத்தோடு இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

நம் தோட்டத்து ரோடுகளில் பிளேட்டைத் தின்பது ஏற்றத்தில் அரைக் கிளட்சில் வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம். வண்டி நகராமல் நிற்கும்போது கிளட்சுக்குப் போகும் சக்தி முழுவதும் சூடாக அந்தப் பிளேட்டில்தான் இறங்குகிறது. லேண்ட் ரோவரில் இதற்கு மருந்து கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது: சிவப்புக் குமிழ் உள்ள லீவர். வண்டியை முழுக்க நிறுத்திவிட்டு அதைப் பின்னால் இழுத்தால் லோ ரேஞ்ச் விழும், அதே எஞ்சினுக்குச் சில்லில் இரண்டு மடங்கு இழுவை கிடைக்கும். மூட்டை ஏற்றிக்கொண்டு செங்குத்தான முடக்கில் வண்டியை எடுக்கும்போது அந்த லீவரை இழுக்க யோசிக்கவே வேண்டாம்.

சரி, மாமாவின் வண்டிக்கு வருவோம். அது விடாத பழுது. சீரிஸ் 3இல் முன்னோக்கிய நான்கு கியர்களுக்கும் சின்குரோ (கியர் விழுமுன் சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) உண்டு, ரிவர்ஸுக்கு இல்லை. எனவே ரிவர்ஸ்தான் உண்மை சொல்லும் சாட்சி. வண்டி நிற்க, எஞ்சின் ஐடிலில் ஓட, பெடலை அடிவரை மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸைப் போடுங்கள். கிளட்ச் முழுதாக விட்டிருந்தால் அதற்குள் கியர் சக்கரங்கள் நின்றுவிடும், சத்தமில்லாமல் விழும். கரகரத்தால் பெடலை வேகமாக நான்கைந்து தடவை அடித்துவிட்டு மறுபடி போடுங்கள். இப்போது சுத்தமாக விழுந்தால் கியர்பொக்ஸைத் தொட வேண்டாம், பழுது பெரும்பாலும் ஹைட்ரொலிக்கில்தான், அதாவது பெடலின் அழுத்தத்தை ஒயில் மூலம் கிளட்சுக்குக் கொண்டுபோகும் பகுதியில்தான். குழாயில் காற்று புகுந்திருக்கும் அல்லது தேய்ந்த சீலைத் தாண்டி பிரேக் ஒயில் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். அடிக்க அடிக்க, கசிவதைவிட வேகமாக நாம் அழுத்தத்தைச் சேர்க்கிறோம்.

அப்புறம் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கீழே குனிந்து, அந்த ஒயில் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் தண்டைப் பாருங்கள். அதற்கு முன்னால் சில்லுகளுக்குக் கட்டாயம் கல் வையுங்கள், ஏனென்றால் இந்த வண்டியின் ஹேன்ட் பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை, பின் சில்லுகளுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது, ஒரு பின் சில்லு தரையை விட்டு எழும்பினாலும் வண்டி உருண்டுவிடலாம். தண்டு கொஞ்சமாகவே நகர்ந்தால் பழுது மேலே இருக்கும் ஹைட்ரொலிக்கில். தண்டு நன்றாக நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால், பழைய சீரிஸ் 2, 2A வண்டிகளில் அங்கிருந்து உள்ளே போகும் குறுக்குத் தண்டின் இணைப்புக் குழாயில் பின்கள் தேய்ந்து ஆடுகின்றனவா என்று பாருங்கள், அதுவும் வெளியிலிருந்தே தெரியும். அதுவும் சரியாக இருந்தால்தான் கியர்பொக்ஸைக் கழற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும். மழைக்காலம் முழுக்க ஓடாமல் நின்ற ஜீப்பில் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு, அதை மறக்க வேண்டாம்.

மாமாவின் ஜீப்பில் தண்டு கால் அங்குலம்கூட நகரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அந்த கராஜில் ஒருவர் ஒரு நிமிடம் குனிந்து பார்த்திருந்தால் போதும்.

சத்தத்தையும் இதே மாதிரிப் பிரித்துக் கேட்கலாம். நியூட்ரலில், பெடலை மிதிக்காதபோது உறுமல் இருந்து மிதித்ததும் நின்றால் அது கியர்பொக்ஸ் முன் பேரிங். மிதிக்கத் தொடங்கும்போது சத்தம் வந்தால், கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். பெடலை அடிவரை மிதித்து கியரும் போட்டு நிற்கும்போது மட்டும் கீச்சென்றால் எஞ்சின் தண்டின் முனையில் இருக்கும் சின்ன ஸ்பிகொட் புஷ்: மற்ற நேரத்தில் அது தண்டோடு சேர்ந்தே சுற்றுவதால் அதற்குத் தேய்மானமே இல்லை.

வண்டியை எடுக்கும்போது உதறினால் எஞ்சின் மவுண்ட் ரப்பர்களைப் பாருங்கள், பிறகு ஒயிலைத் தேடுங்கள். ஃப்ளைவீல் கூட்டின் அடியில், ஆற்றில் இறங்கும்போது மட்டும் அடைக்க வேண்டிய ஒரு துளை இருக்கிறது. அதில் மூடி போட்டிருந்தால் கழற்றி, சொட்டுவதை விரலில் எடுத்துத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கறுத்து இளகலாக இருந்தால் எஞ்சின் ஒயில், அதாவது எஞ்சினின் பின் சீல். தடிப்பாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஒயில், கியர்பொக்ஸின் முன் சீல். ஒயில் குடித்த பிளேட்டைப் பெற்றோலில் கழுவிப் போடுவதில் பிரயோசனமில்லை, சூடேறியதும் உள்ளே ஊறியது திரும்ப மேலே வரும். அப்போது கியர்பொக்ஸ் இறங்கத்தான் வேண்டும், இறங்கினால் பிளேட்டோடு அந்த சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.