விசுவாசம், நம்பிக்கை, தேறுதல்

எங்கள் சபையில், பிள்ளைகளை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. காட்பாடியை ஒட்டிய ஊர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் பாயை விரித்து உட்காருவார்கள். போன மாதம் ஒரு பெண்பிள்ளை கையில் இரண்டு வேதாகமங்களோடு வந்தாள். ஒன்று நாங்கள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு. இன்னொன்று, கத்தோலிக்கரான அவள் ஆயா வீட்டிலிருந்து எடுத்துவந்த திருவிவிலியம்.

"சார், ரெண்டுலயும் ஒரே வசனந்தான். ஆனா இதுல நம்பிக்கைன்னா ஒண்ணு, அதுல நம்பிக்கைன்னா வேற ஒண்ணா இருக்குது. எது சார் சரி?"

1 கொரிந்தியர் 13:13. கல்யாண வீட்டில் எல்லாரும் கேட்கிற வசனம். நம்முடைய வேதாகமத்தில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது" என்று வரும். 1995இல் வந்த திருவிவிலியத்தில் அதே மூன்றும் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று இருக்கும். நம்பிக்கை என்ற சொல் ஒன்றில் இரண்டாவது இடத்தில் நிற்கிறது, மற்றதில் முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. பவுல் எழுதிய கிரேக்கத்தில் மூன்றும் தனித்தனிச் சொற்கள்: பிஸ்டிஸ், எல்பிஸ், அகாபே. அகாபேயில் இரு சபைக்கும் சண்டையில்லை; அன்பேதான். குழப்பம் முதல் இரண்டில்.

இந்தக் குழப்பம் ஒரு வசனத்தோடு நிற்பதில்லை. எபிரெயர் 11:1ஐ மனப்பாடமாகச் சொல்லாத பிள்ளை எங்கள் வகுப்பில் கிடையாது: "விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது." இதில் "நம்பப்படுகிறவை" என்றால் என்ன என்று கேட்டால், "நாம நம்புற விஷயங்க" என்பார்கள். அப்படி எடுத்துக்கொண்டால் வசனம் தன்னையே சுற்றிவரும்: நம்புவதை நம்புவதே நம்பிக்கை. கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது எல்பிஸ் சார்ந்த சொல். இன்னும் கைக்கு வராமல், வரும் என்று காத்திருக்கிறவை என்று பொருள். பாலாற்றங்கரைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல நான் மெனக்கெட வேண்டியதில்லை. வறண்டு கிடக்கிற மணலில் ஊற்றுத் தோண்ட உட்காருகிறவளுக்குக் கண்ணில் தண்ணீர் தெரியாது. குடத்தைக் கொண்டுவந்திருக்கிறாளே, அதுதான் வசனம் சொல்லும் உறுதி.

இனி சொல்லுக்கு வருவோம். விசுவாசம் வடசொல். 'சுவாசம்' என்று நாம் மூச்சுக்குச் சொல்கிறோமே, அதே வேர்தான். முன்னால் 'வி' சேர்ந்திருக்கிறது. தடையில்லாமல் மூச்சு விடுதல், அச்சம் நீங்கி ஆசுவாசமாய் இருத்தல் என்பதிலிருந்து ஒருவரை நம்பி இருத்தல் என்ற பொருள் வந்தது. (ஆசுவாசமும் அதே குடும்பம்.) பயந்தவனுக்கு மூச்சு மேல்மூச்சாக வாங்கும், நம்பினவனுக்குச் சீராக வரும். வேதத்தில் உள்ள சொல்லை மூச்சோடு சேர்த்துப் பார்க்கத் தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்தச் சொல் வெறும் பிரசங்கச் சொல்லாகக் கேட்பதில்லை.

ஆனால் கோயிலுக்கு வெளியே, தெருவில் விசுவாசம் என்றால் வேறு. நாய்க்கு விசுவாசம் உண்டு என்கிறோம். உப்பிட்டவரிடம் விசுவாசமாக இரு என்கிறோம். அங்கே அது நன்றி மறவாமை, கைவிடாமை. இதைத் தவறான பொருள் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் பிஸ்டிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கும் இந்த இரண்டு முகமும் உண்டு: நம்புகிறவனின் நம்பிக்கை, நம்பத்தக்கவனின் உண்மை. கடவுளை நான் நம்புகிறேன் என்பதற்கும் கடவுள் என்னைக் கைவிடமாட்டார் என்பதற்கும் ஒரே சொல்.

எபிரெயத்துக்குப் போனால் இன்னும் ஆழம். அங்கே வேர் 'ஆமன்': உறுதியாய் இருத்தல், தாங்குதல். ஜெபம் முடிந்து நாம் சொல்கிற 'ஆமென்' அதில் பிறந்ததுதான். நம் 'ஆம்' போல ஒலித்தாலும் இரண்டுக்கும் உறவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துச் சுமக்கிறவரைக் குறிக்கும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. 'எமுனா' என்ற பெயர்ச்சொல் யாத்திராகமம் 17:12இல் வருகிற இடத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன். யுத்தம் நடக்கிறது. மோசே கைகளை ஏறெடுத்திருக்கும்போது இஸ்ரவேல் மேற்கொள்கிறது, கைகள் தாழும்போது பின்வாங்குகிறது. மோசேக்குக் கை வலிக்கிறது. உட்காரக் கல்லைப் போட்டு, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் ஒரு பக்கமுமாக அந்தக் கைகளைத் தாங்குகிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை கைகள் ஒரே நிலையாய் இருந்தன என்கிறது வேதம். அந்த 'ஒரே நிலை'தான் எமுனா. விசுவாசம் என்பது ஒருவன் தன் நெஞ்சுக்குள் தனியாகச் சேர்த்துவைக்கிற பொருள் என்று நினைக்கிறவர்கள் இந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கை மோசேயுடையது. பலம் மூன்று பேருடையது.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் என்ன? நம்பிக்கை என்று சட்டென்று சொல்லிவிடலாம். அந்தச் சொல்லின் வயதைப் பார்த்தால் ஆச்சரியம். தொல்காப்பிய உரியியல் "நம்பும் மேவும் நசையா கும்மே" என்கிறது. நசை என்றால் விருப்பம். பழந்தமிழில் நம்புதல் என்றாலே விரும்புதல்! ஒருவன் சொல்வது உண்மை என்று தலையசைப்பதல்ல, அவன்பால் மனம் போவது. கிறிஸ்தவ விசுவாசத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எந்த மொழியில் கிடைக்கும் என்று தெரியவில்லை. கடவுள் உண்டு என்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறார் யாக்கோபு. பிசாசிடம் இல்லாதது இந்த நசைதான்.

சிரத்தை என்ற சொல்லையும் சிலர் கேட்பார்கள். அது நெஞ்சை வைத்தல் என்ற பொருளில் பிறந்த வடசொல். விசுவாசப் பிரமாணத்தின் லத்தீன் முதற்சொல்லான 'கிரேதோ'வுக்கு (விசுவாசிக்கிறேன்) அது தூரத்து உறவு. ஆனால் தமிழில் அது 'சிரத்தையாப் படி' என்று கவனத்துக்குப் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் வராது.

நம்பிக்கை முதலிடத்துக்கு வந்துவிட்டால், இரண்டாவதற்கு எதிர்நோக்கு நல்ல சொல். முதலில் என் காதுக்கு அந்நியமாக இருந்தது, இப்போது இல்லை. அதற்காக விசுவாசத்தைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். 1706இல் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கிய காலம் தொடங்கி எத்தனையோ கைகளில் திருந்தி வந்தது நம் வேதாகமத் தமிழ். 1853இல் ஆற்காடு மிஷன் இங்கே வேலை தொடங்கியபிறகு, எழுதப் படிக்க வாய்ப்பே தரப்படாத நம் பாட்டன் பாட்டிகள் அந்தத் தமிழை வாய்ப்பாடமாகவே கற்றார்கள். அவர்கள் சாகும்போது முணுமுணுத்த சொல்லை நான் எப்படி அந்நியச் சொல் என்று ஒதுக்குவேன்? பிரமாணம் சொல்லும்போது விசுவாசிக்கிறேன் என்றே சொல்வோம். அர்த்தம் சொல்லும்போது நம்பு என்ற தமிழ் வேரைத் தோண்டிக் காட்டுவோம்.

விசுவாசத்தில் வளர்வதற்குத் தமிழ்ச்சொல் என்ன என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. பலரும் விருத்தி என்பார்கள், பெருக்கம் என்பார்கள். பணமும் நிலமும் பெருகுவதுபோல எடுத்துக்கொள்ள அதில் இடமிருக்கிறது. கடுகுவிதையளவு போதும் என்று ஆண்டவர் சொன்னபிறகு அளவைப் பற்றி என்ன பேச்சு?

தமிழில் 'தேறு' என்றொரு சொல் உண்டு. "தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்" என்பது 509ஆம் குறள். இங்கே தேறுதல் நம்புதல். ஆராயாமல் நம்பாதே, ஆராய்ந்தபின் ஐயமின்றி நம்பு. கலங்கல் நீர் தெளிவதும் தேறுதல். பரீட்சையில் தேறுகிறோம். துக்க வீட்டில் தேறுதல் சொல்கிறோம். நோயாளி தேறுகிறார். வேதாகமத் தமிழ் இதைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது: 1 கொரிந்தியர் 2:6இலும் பிலிப்பியர் 3:15இலும் முதிர்ந்த விசுவாசிகளுக்குத் 'தேறினவர்கள்' என்றே பெயர். பரிசுத்த ஆவியானவருக்குத் 'தேற்றரவாளன்'. தெளிவும் நம்பிக்கையும் ஆறுதலும் குணமும் முதிர்ச்சியும் ஒரே வேரில் நிற்கின்றன.

இதைச் சொன்னபோது ஒரு பையன் கேட்டான்: "அப்ப சந்தேகம் வந்தா பாவமில்லையா சார்?" மாற்கு 9இல் வலிப்புக்கார மகனைக் கொண்டுவந்த தகப்பனைக் காட்டினேன். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னவர். ஆண்டவர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. கலங்கியிருக்கிற தண்ணீர்தானே தேறவேண்டும்? ரோமர் 10:17இல் "விசுவாசம் கேள்வியினால் வரும்" என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அங்கே கேள்வி என்றால் காதால் கேட்டல், திருக்குறளில் கேள்வி என்றோர் அதிகாரம் இருப்பதுபோல. ஆனால் காதால் கேட்ட பிள்ளை வாய்திறந்து கேட்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவது தமிழின் அருமை.

அடுத்த வாரம் அந்தப் பையன் வகுப்புக்கு வரவில்லை. அவன் அம்மாவை வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கிய ஊர். இன்றைக்கு வங்காளத்திலிருந்தெல்லாம் நம்பி வருகிறார்கள். வார்டுக்குள் போனேன். ட்ரிப்ஸ் ஏறுகிற அம்மாவின் கை சரிந்துவிடாதபடி ஒரு தலையணையை மடியில் போட்டு, அதன்மேல் அந்தக் கையை ஏந்தியபடி பையன் உட்கார்ந்திருந்தான். எதிர்ப்பக்கம் அவன் அக்கா தூங்கி விழுந்துகொண்டிருந்தாள். ராத்திரி அவள் முறையாம்.

"அம்மா எப்படிப்பா இருக்காங்க?"

"தேறிக்கினு வராங்க சார். காத்தால ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாங்க."