முயலின் நிறம் பார்த்து ஜோடி சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

‘ரெண்டுமே கறுப்பு டாக்டர், குட்டி மட்டும் வெள்ளையா பொறந்திருக்கு. ஏமாத்தி வித்துட்டாங்க.’ ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் முயல் வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரான என்னிடம் அடிக்கடி சொல்லும் புகார் இது. பெரும்பாலும் விற்றவர் மேல் தப்பிருக்காது. ஒவ்வொரு நிறத்துக்கும் தாயிடமிருந்து ஒரு மரபணு, தகப்பனிடமிருந்து ஒரு மரபணு வருகிறது. சிவப்புக் கண் வெள்ளை என்பது ஒடுங்கு பண்பு; இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். இரண்டு கறுப்பு முயல்களும் அதை ஒளித்து வைத்திருந்தால், சராசரியாக நாலில் ஒரு குட்டி வெள்ளையாகப் பிறக்கும்.

அந்த வெள்ளைக் குட்டிக்கு நிறமே இல்லை என்று நினைக்க வேண்டாம். கறுப்போ பழுப்போ புள்ளியோ, அதற்கான மரபணு உள்ளே அப்படியே இருக்கிறது. நிறமியை உண்டாக்கும் என்சைம் வேலை செய்யாததால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். நியூசிலாந்து வெள்ளை இந்த ரகம். சிவப்புக் கண் வெள்ளை இரண்டைச் சேர்த்தால் சிவப்புக் கண் வெள்ளைதான் பிறக்கும். ஆனால் நீலக் கண் வெள்ளை என்று ஒன்று உண்டு. அதன் மரபணுவே வேறு. அதையும் சிவப்புக் கண் வெள்ளையையும் சேர்த்தால் நிறமுள்ள குட்டிகள் பிறக்கலாம். அதனால் வெள்ளை முயல் வாங்கும்போது முதலில் கண்ணைப் பாருங்கள்.

அடுத்தது பழுப்பு. முதுகு முடியில் மெல்ல ஊதிப் பாருங்கள். முடி விலகும்போது அடியில் சாம்பல், நடுவில் செம்பழுப்பு, நுனியில் கறுப்பு என்று வளையம் வளையமாகத் தெரிந்தால் அது அகூட்டி நிறம். வயிறும் கண்ணைச் சுற்றியும் வெளுத்திருக்கும். இதைத்தான் ‘காட்டு முயல் கிராஸ்’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்கள். நம்பாதீர்கள். நம் கருவேலங்காட்டிலும் கண்மாய்க் கரையிலும் ஓடும் முயல் வேறு இனம். பிடரியில் கறுப்புத் திட்டு இருக்கும், குட்டி பிறக்கும்போதே முடியும் திறந்த கண்ணுமாக வரும். வீட்டு முயல் குட்டி முடியில்லாமல் பிறந்து, பத்து நாள் வாக்கில்தான் கண் திறக்கும். காட்டு முயலுக்குக் குரோமோசோம் 48, வீட்டு முயலுக்கு 44. இரண்டுக்கும் கலப்பு நடக்காது. காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

மூக்கு, காது, கால், வால் மட்டும் கறுத்திருக்கும் இமாலயன் வகையில் நம் கடற்கரை வெயில் நேரடியாக வேலை காட்டும். அதன் நிறமி என்சைம் சூட்டில் செயல் இழந்துவிடும்; உடல் குளிர்ந்த இடத்தில்தான் கறுப்பு வரும். கத்திரி வெயிலில் முளைக்கும் புதுமுடி வெளிறுவதும், மார்கழியில் அடர்வதும் இயல்பு. நோய் என்று பயப்பட வேண்டாம். முழுக் கறுப்பு முயல் செம்பட்டையானால், கூண்டில் நேர் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். அந்தச் சூடு நிறத்தை மட்டும் கெடுக்காது. ஆண் முயலின் விந்து வளத்தையும் சில வாரங்களுக்குக் குறைத்துவிடும்.

இனி, எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். மூக்கில் பட்டாம்பூச்சி போல் திட்டு, முதுகுத்தண்டில் கோடு, விலாவில் புள்ளி உள்ள முயலுக்கு இங்கே நல்ல கிராக்கி. அதனால் புள்ளியோடு புள்ளியைச் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்த்தால் சராசரியாகக் கால் பங்கு குட்டிகளுக்கு இரண்டு பக்கமிருந்தும் புள்ளி மரபணு வந்துவிடும். இவை ஏறக்குறைய முழு வெள்ளை. காதில், கண்ணோரத்தில், மூக்கில் மட்டும் கொஞ்சம் நிறம். ‘அபூர்வம்’ என்று வாங்கிப் போகிறார்கள். ஆனால் இவற்றில் பலவற்றுக்குப் பெருங்குடல் நரம்புகள் சரியாக வளர்வதில்லை. குடல் வீங்கி, புழுக்கை பெரிதாகவும் கோணலாகவும் விழும். தின்றாலும் உடம்பு தேறாது. சில, குடல் அடைத்துச் சாகவும் செய்யும். டச்சு முயலின் வெள்ளைப் பட்டை வேறு மரபணு, அதில் இந்தச் சிக்கல் இல்லை.

வழி எளிது. புள்ளி முயலை முழு நிற முயலோடு சேருங்கள். பாதிக் குட்டிகள் புள்ளியாகவே வரும், இந்த நோய்க் குட்டி ஒன்றுகூட வராது. விற்கும்போதும் புள்ளி ஒன்று, முழு நிறம் ஒன்று என்று ஜோடி கொடுங்கள். ஏற்கெனவே அப்படி வெளுத்த குட்டி கையில் இருந்தால், இனச்சேர்க்கைக்கு விடாமல் புல்லும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்து, தினமும் புழுக்கையைப் பாருங்கள். அது நின்றுபோனாலோ தீனி எடுக்காவிட்டாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே தூக்கி வாருங்கள்.