வயது கூடியபின் ஐடிஐ: சீட்டு கிடைத்துவிடும், சான்றிதழ்தான் இழுத்தடிக்கும்

தமிழ்நாட்டில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐடிஐ) சேர ஆண்களுக்கு 40 வயது வரை இடமுண்டு. பெண்களுக்கு மேல் வயது வரம்பே இல்லை. பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, பாடநூல், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். மீதிப் பெருமையைச் சேர்க்கை விளம்பரமே பாடிவிடும்.

முதல் இடி விசாரணை மேசையில் விழும். முப்பத்தைந்தைத் தாண்டிய பெண் ஒருவர் விண்ணப்பத்தோடு நின்றார். "பிள்ளையைச் சேர்க்க வந்தீர்களா அம்மா?" என்றார் உள்ளே இருந்தவர். "எனக்குத்தான் சார், வயர்மேன் பிரிவு." அவர் தாளைக்கூடத் தொடவில்லை. "இந்த வயதில் எதற்கம்மா இதெல்லாம்? தையல் வகுப்பு ஏதாவது பாருங்கள்." விதியில் இல்லாத வயது வரம்பை இப்படி வாயாலேயே போட்டுவிடுகிறார்கள். அந்த ஆண்டுச் சேர்க்கை அறிவிப்பை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். முடியாது என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறும். மாறாவிட்டால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். கலந்தாய்வுக்குப் பிறகு காலியிடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும். ஆனால் அதுவரை காத்திருந்தால் மிஞ்சிய பிரிவுதான் கிடைக்கும். பிடிக்காத பிரிவில் சேர்ந்துவிட்டு இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடிப்பது பெரியவர்களுக்கு இன்னும் கடினம்.

அடுத்தது பெயர். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல் என்று இருக்கும். சேரும் நாளில் இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். அந்த அப்புறம், பயிற்சி முடித்ததற்கான தேசியத் தொழிற் சான்றிதழ் பிழையோடு கைக்கு வந்த பிறகுதான் வரும். அப்போது மனு நிலையத்திலிருந்து துறைக்கு, துறையிலிருந்து டில்லிக்கு என்று படியேற வேண்டும். வேலைக்கு வரச்சொன்ன நிறுவனம் அதுவரை காத்திருக்காது. ஆதாரைப் பள்ளிச் சான்றிதழுக்கு ஏற்றபடி சேர்வதற்கு முன்பே திருத்திவிடுங்கள். இணையத்தில் உங்கள் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதைத் தேர்வுக்கு முன் கண்ணால் பாருங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள். உதவித்தொகை பெரும்பாலும் அங்கேதான் சிக்கிக்கொள்ளும்.

தனியார் நிலையம் என்றால் "அரசு அங்கீகாரம் பெற்றது" என்ற பலகையை நம்பாதீர்கள். இணைப்பு எனப்படும் அந்த அங்கீகாரம் தொழிற்பிரிவு வாரியாகத் தரப்படுகிறது. ஃபிட்டருக்கு இருக்கும், நீங்கள் பணம் கட்டிய பிரிவுக்கு இருக்காது. ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் நிலையத்தின் பெயரையும் பிரிவையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். மாற்றுச் சான்றிதழைத் தவிர மற்ற அசல்களைச் சரிபார்த்ததும் திரும்ப வாங்கிவிடுங்கள். பாதியில் விலகினால் பாக்கிக் கட்டணத்துக்காகப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

இத்தனையும் தாண்டி வந்தவர்கள் விழுவது வருகைப் பதிவில். 80 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. அதாவது ஐந்து நாளுக்கு ஒரு நாள்தான் விட முடியும். பதினேழு வயதுப் பையனுக்கு அது தாராளம். மாமியாரின் ஆஸ்பத்திரி, பிள்ளையின் காய்ச்சல், சொந்தக்காரர் வீட்டுச் சாவு என்று எல்லாவற்றுக்கும் ஓட வேண்டியவருக்கு அது ஆறே மாதத்தில் கரைந்துவிடும். "பரவாயில்லை அம்மா, போய் வாருங்கள்" என்று பயிற்றுநர் அன்பாகச் சொல்வார். பதிவேட்டில் அன்று ஆப்சென்ட்தான் விழும். தேர்வு நெருங்கும்போது அந்தப் பயிற்றுநர் மாற்றலாகிப் போயிருப்பார். விடுப்புக் கடிதத்தின் நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். மாதம் முடிந்ததும் உங்கள் சதவீதம் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பட்டறையில் பத்து வருடம் வேலை பார்த்தவர்கள் செய்முறையில் தைரியமாக இருப்பார்கள். தேர்ச்சிக்கு அதில் 60 சதவீதம் வேண்டும். எழுத்துத் தேர்வில் 33 போதும். கையால் அராவிய இரும்புத் துண்டை மூலைமட்டத்தில் வைத்து, இடையில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பது அவர்களுக்குப் பழகிய வேலை. ஆனால் அன்றன்று முடித்த பயிற்சி வேலையும், அதை எழுதி வைக்கும் ரெக்கார்டு நோட்டும் மதிப்பெண்ணில் சேரும். எழுதாமல் விட்ட ரெக்கார்டுக்குக் கைத்திறன் ஈடாகாது. எழுத்துத் தேர்வு கணினியில் நடக்கிறது. மௌஸ் பிடித்துப் பழகாதவர்கள் மாதிரித் தேர்வுகளை முன்பே செய்து பார்க்க வேண்டும்.

மேற்படிப்புக்கு அரசு மாதந்தோறும் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் 1,000 ரூபாயை நம்பிக் குடும்பக் கணக்குப் போடாதீர்கள். அரசுப் பள்ளி நிபந்தனையோடு, மேற்படிப்பில் முதன்முறையாகச் சேர்பவராகவும் இருக்க வேண்டும் என்கிறார்கள். முன்பு கல்லூரியில் கால்வைத்துப் பாதியில் நின்றவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

எட்டாம் வகுப்போடு சேர்ந்து இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவர்களுக்கு இன்னொரு வேலை பாக்கியிருக்கிறது. பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களைத் தனித்தேர்வராக எழுதித் தேறினால், பத்தாம் வகுப்புக்கு இணையாகக் கருதப்படுவீர்கள். பத்தாம் வகுப்போடு வந்தவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மொழித்தாள்கள். நிலையத்தில் இதை யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தனித்தேர்வர் அறிவிப்பை நீங்கள்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் குறைவு.