கப்பலுக்கு அடித்த பெயிண்ட், நத்தைக்கு வந்த வினை

"கப்பல் பெயிண்ட் பெண் நத்தையை ஆணாக்கிவிடுமாமே, கட்டுக்கதைதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பாதி உண்மை. பெண் பெண்ணாகவேதான் இருக்கும். ஆனால் அதற்கு ஆணுறுப்பு முளைத்துவிடும்.

கொட்டலசும் (ஓட்டுடன் ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடலுயிரி) பாசியும் அடிப்பகுதியில் அப்பினால் கப்பலுக்கு எரிபொருள் செலவு கூடும். இது தெரிந்ததுதான். அதைத் தடுக்க 1960களில் பெயிண்டில் டிரைபியூட்டைல் டின் சேர்க்கத் தொடங்கினார்கள். சுருக்கமாக டிபிடி, வெள்ளீயம் கலந்த நஞ்சு. பெயிண்டிலிருந்து கசிந்தது துறைமுகத் தண்ணீரிலும் சேற்றிலும் சேர்ந்தது.

1970இல் இங்கிலாந்தின் பிளிமத் அருகே, பாறைகளில் வாழும் நியூசெல்லா நத்தைகளை ஸ்டீபன் பிளேபர் ஆராய்ந்தார். சில பெண் நத்தைகளுக்கு வலது உணர்கொம்பின் பின்னால் சின்னதாக ஓர் ஆணுறுப்பு! காரணம் பெயிண்ட்தான் என்று உறுதிப்படப் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

இதற்கு லிட்டருக்கு ஒரு நானோகிராம் டிபிடியே போதும். ஒலிம்பிக் நீச்சல் குளம் நிறைய தண்ணீரில் வெறும் இரண்டரை மில்லிகிராம். இவ்வளவு கொஞ்சம் எப்படி வேலை செய்கிறது?

செல்லுக்குள் ஆர்எக்ஸ்ஆர் என்றொரு ஏற்பிப் புரதம் உண்டு. வைட்டமின் ஏ-யின் உறவுக்கார மூலக்கூறு வந்து அமர்ந்தால் அது மரபணுக்களை இயக்கிவிடும். 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த மூலக்கூறை மட்டும் பெண் நத்தைகளுக்கு ஊசியில் ஏற்றினார்கள். டிபிடி துளியும் இல்லை. ஆனாலும் ஆணுறுப்பு வளர்ந்தது! அப்படியானால் ஆர்எக்ஸ்ஆர் பூட்டு, டிபிடி அதற்குக் கள்ளச்சாவி. மனித ஆர்எக்ஸ்ஆரில் வைத்துப் பார்த்தபோது இன்னொரு வேடிக்கை தெரிந்தது: சாவி பூட்டை நிறைக்கவே இல்லை, பாதி இடம் காலி. ஆனால் அதிலுள்ள வெள்ளீயம், ஏற்பியின் ஒரு கந்தக அணுவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. பொருந்தாத சாவியைப் பசை போட்டு ஒட்டியது மாதிரி.

முற்றிய நிலையில், புதிதாக வளரும் விந்துக்குழாய் முட்டை வெளிவரும் வாயை அடைத்துவிடும். முட்டைக்கூடுகள் உள்ளேயே தேங்கி, நத்தை சாகும். நியூசெல்லாவுக்கு நீந்தித் திரியும் இளம்பருவம் கிடையாது. குஞ்சுகள் பொரித்த பாறையிலேயே ஊரும். அதனால் ஒரு கரையில் அழிந்தால் வேறு கரையிலிருந்து சீக்கிரம் வந்து நிரம்பாது.

தன் ஆர்க்கஷோன் விரிகுடாவில் டிபிடியால் சிப்பி வளர்ப்பு நொடித்தபிறகு, 1982இல் பிரான்ஸ் சிறு படகுகளில் டிபிடியைத் தடுத்தது. அதைத் தடைசெய்யும் உலக ஒப்பந்தம் 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. அப்புறம் டிபிடியின் இடத்தில் செம்புப் பெயிண்ட்; அதற்குத் துணையாக வந்த சைபியூட்ரின் என்ற நஞ்சு, பாசியின் ஒளிச்சேர்க்கையை முடக்குவது. வேண்டாத பாசி எது, வேண்டிய கடற்புல் எது என்று அதற்குத் தெரியாதே. 2023 முதல் அதற்கும் தடை. செம்பு இன்னும் கசிந்துகொண்டுதான் இருக்கிறது.