டாலர் எந்த இடத்தில் ரூபாய் ஆகிறது?

மொரீஷியஸின் நூறு ரூபாய் நோட்டு ஒன்றை மேசைமேல் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அதில் இருக்கும் முகம் ரெங்கநாதன் சீனிவாசன். தமிழ் வழியில் வந்த வழக்கறிஞர், விடுதலைக்கு முந்தைய காலத்து அரசியல் தலைவர். ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ் எழுத்து. தொகை தமிழ் எண்ணிலும் உண்டு. தமிழ்நாட்டிலேயே வழக்கொழிந்துபோன எண்கள் தலைநகர் போர்ட் லூயியின் சந்தையில் கத்தரிக்காய்க்கும் கொத்தமல்லிக்கும் கைமாறுகின்றன. 1998இல் வெளியான புதிய நோட்டுகளில் தமிழும் இந்தியும் இடம் மாறியிருந்தன. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, மறு ஆண்டு பழைய வரிசையிலேயே அச்சாகி வந்தன.

இந்த நோட்டை எடுத்து வைத்ததற்குப் பெருமை மட்டும் காரணமில்லை. வெளிநாட்டு நேரடி முதலீடு என்ற பெரிய சொல்லை அளந்து பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்கு அகப்படவில்லை. வெளியிலிருந்து வரும் பணம் டாலராகவோ யூரோவாகவோ வருகிறது. இத்தீவின் கொத்தனாருக்கும் கடைக்காரருக்கும் அது போய்ச் சேர வேண்டுமானால், எங்கேயாவது ஓர் இடத்தில் இந்தத் தமிழெழுத்துப் பணமாக மாறியாக வேண்டும். அந்த இடத்தைத் தேடிப் பார்த்தால், ஆண்டுதோறும் செய்தியில் வரும் கோடிகள் வேறு மாதிரித் தெரியும்.

முதலில் இலக்கணம். ஒரு நாட்டில் இருப்பவர் இன்னொரு நாட்டு நிறுவனத்தில் 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் வாக்குரிமை கொண்ட பங்கை வைத்திருந்தால் அது நேரடி முதலீடு. அதற்குக் கீழே இருந்தால் வெறும் பங்குச்சந்தை முதலீடு. சந்தையில் நூறு பங்கு வாங்கியவர் நாளைக் காலையே விற்றுவிட்டுப் போகலாம். தொழிற்சாலை வைத்தவர் இயந்திரங்களை ஒரே இரவில் மூட்டை கட்ட முடியாது. இந்த எண்ணத்தில் பிறந்த எல்லைக்கோடுதான் 10 விழுக்காடு. கணக்கில் மூன்று பகுதிகள் சேரும்: புதிதாகப் போட்ட மூலதனம், தாய் நிறுவனம் கொடுத்த கடன், ஊருக்கு அனுப்பாமல் இங்கேயே விட்டுவைத்த லாபம். மூன்றாவது விசித்திரமானது. வெளிநாட்டவருக்குச் சொந்தமான கடற்கரை ஹோட்டல் ஒன்று தன் லாபத்தை வெளியே அனுப்பாமல் அறைகளைப் புதுப்பிக்கச் செலவிட்டால், அந்த லாபம் வெளியே போய்த் திரும்பி வந்ததாகக் கணக்கு எழுதுகிறார்கள். கடலைத் தாண்டி ஒரு டாலரும் வந்திருக்காது. ஆனாலும் அது முதலீட்டு வரவு.

இப்போது தீவின் கதைக்கு வருவோம். 1968இல் விடுதலை பெற்றபோது இத்தீவின் ஏற்றுமதியில் 90 விழுக்காட்டுக்கு மேல் சர்க்கரை. பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட் 1961இல் தந்த அறிக்கை நம்பிக்கையூட்டுவதாக இல்லை: ஒரே பயிர், பெருகும் மக்கள், போதாத வேலை. 1970இல் ஏற்றுமதி வளாகச் சட்டம் வந்தது. பேராசிரியர் எதுவார் லிம் ஃபாட் முன்னின்று வலியுறுத்திய யோசனை அது. மற்ற நாடுகளில் வளாகம் என்றால் வேலி போட்ட ஓர் இடம். இங்கே வேலி கிடையாது. தீவின் எந்த மூலையிலும் ஆலை வைக்கலாம். பெண்களை நகரத்துக்கு இழுக்காமல், ஆலையே அவர்கள் வசிக்கும் ஊர்களைத் தேடிப் போனது.

ஹாங்காங் முதலாளிகள் வந்தார்கள். மலிவான கூலி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஹாங்காங் துணிக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் போட்டிருந்த உச்சவரம்பு. மொரீஷியஸ் பெயரில் போனால் அந்த வரம்பு தடுக்காது. 1975இன் லோமே உடன்படிக்கையால் ஐரோப்பாவில் சுங்கவரியும் இல்லை. சிறு தீவுக்கு வரும் முதலீட்டில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது: எங்கோ ஒரு நாட்டுச் சட்டத்தில் இருக்கும் மேடு, பணத்தை இந்தப் பக்கம் சாய்த்துவிடுகிறது. மேடு கரைந்தால் பணம் நிற்காது. 2005 தொடக்கத்தில் அந்தத் துணி ஒதுக்கீட்டு முறை உலகம் முழுவதும் முடிவுக்கு வந்தது. ஹாங்காங் ஆலைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

என் அத்தை 1980களில் ரோஸ்ஹில் பக்கம் ஒரு பின்னலாடை ஆலையில் இருந்தார். ஆலையை இத்தீவின் பேச்சுமொழியான கிரெயோலில் 'லிசின்' என்போம். தமிழ் பேசும் வீட்டிலும் அதுதான் பெயர். கம்பளி நூல் கப்பலில் வரும், இயந்திரம் கப்பலில் வந்தது, தைத்த ஸ்வெட்டரும் கப்பலில் போகும். கம்பளி ஆடு வளர்க்காத இத்தீவு அந்த ஆண்டுகளில் உலகின் முன்னணிக் கம்பளிப் பின்னலாடை ஏற்றுமதியாளர்களில் ஒன்றாக இருந்தது. அத்தை சட்டையின் கழுத்துப் பட்டையைப் பின்னுவார், அது மட்டும்தான், நாள் முழுக்க. ஒரு கண்ணி தவறினால் மேற்பார்வையாளர் விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டுவாராம்.

ஏற்றுமதி விலையில் பெரும்பகுதி நூலுக்கும் இயந்திரத்துக்குமாக டாலராகவே திரும்பிப் போய்விட்டது. ரூபாயானது சம்பளக் கவர், மின்கட்டணம், பஸ் கட்டணம், மதியத்துக்கு வாசலில் வாங்கிய தால்பூரி. ஆனால் அந்த மாற்றம் மாதம் தவறாமல் நடந்தது, உச்சக்கட்டத்தில் ஏறத்தாழ 90 ஆயிரம் பேருக்கு நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அத்தையின் வீட்டில் அவர் பெயரில் முதன்முதலாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கியது அப்போதுதான்.

இதில் நான் மிக முக்கியமாகக் கருதும் செய்தி வேறு. ஏற்றுமதி ஆலைகளில் போட்ட மூலதனத்தில் ஏறக்குறைய பாதி உள்ளூர்ப் பணம். 1970களின் நடுவில் சர்க்கரை விலை ஏறியபோது கரும்புத் தோட்ட முதலாளிகளிடம் சேர்ந்த லாபம் துணிக்குள் பாய்ந்தது. வெளிநாட்டவர் சந்தையைத் திறந்து, தொழிலைக் காட்டினார். உள்ளூர்க்காரர் பார்த்துக் கற்றுத் தானும் தொடங்கினார். ஹாங்காங் போன பிறகும் மொரீஷியஸில் துணி ஆலைகள் மிஞ்சியதற்கு அதுதான் காரணம். எந்த வரவுப் புத்தகத்திலும் இந்தக் கற்றலுக்கு ஒரு வரி கிடையாது.

அடுத்த வகைப் பணம் மேற்குக் கரையில், தாமரின், ரிவியேர் நுவார் பகுதிகளில் வீடாக நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இலிருந்து சர்க்கரைக்குக் கொடுத்த உத்தரவாத விலையைப் படிப்படியாக 36 விழுக்காடு குறைத்தது. அதற்கு முன்பே, 2002இல், வெளிநாட்டவர் சொகுசு வில்லா வாங்க அனுமதிக்கும் திட்டம் தொடங்கியிருந்தது. 5 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினால் வசிப்புரிமையும் கிடைக்கும். 2020இல் அந்த வரம்பு 3,75,000 டாலராகக் குறைந்தது. கரும்பு நின்ற நிலத்தில் நீச்சல்குளங்கள் வந்தன.

10 லட்சம் டாலர் வில்லா ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழுத்தொகையும் அந்த ஆண்டின் நேரடி முதலீடு. சிமெண்டு, இரும்பு, ஓடுகள், குளிர்சாதனம், குழாய்கள் எல்லாம் இறக்குமதி. அவற்றின் விலை வந்த வழியே திரும்பும். பாறையும் மணலும் இங்குள்ளவை. 2001 முதல் கடற்கழியில் மணல் அள்ளத் தடை இருப்பதால் எரிமலைப் பாறையை அரைத்தே மணல் செய்கிறார்கள். கொத்தனார் கூலி, பதிவுக் கட்டணம், நோட்டரியின் கட்டணம், நிலத்தின் விலை: ரூபாயாக இறங்குவது இவைதான். கட்டி முடிந்ததும் ஓட்டம் நின்றுவிடும். பிறகு தோட்டக்காரர், காவலாளி, வீட்டுவேலை செய்யும் பெண் என்று மாதச் சம்பளம் மூன்று. அந்த நிலத்தில் இனி எதுவும் விளையாது. பக்கத்து மனையின் விலையும் சேர்ந்து ஏறும்; அதே ஊரில் பிறந்து சம்பளத்தில் வாழும் இளம் தம்பதிக்கு அது எட்டாது.

மத்திய வங்கியான பேங்க் ஆஃப் மொரீஷியஸ் வெளியிடும் கணக்கில் அண்மை ஆண்டுகளின் நேரடி முதலீட்டில் பாதிக்கும் மேல் இந்த மனை, வீட்டுத் துறைக்குத்தான் வருகிறது. பிரான்ஸ் முன்னணியில் இருக்கும் நாடு. இதை வருமானம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. முதன்மைத் தீவின் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். ஒருமுறை விற்றதை மறுமுறை விற்க முடியாது. அவசரத்துக்கு நகையை விற்கிற குடும்பம் உண்டு, அதில் தவறும் இல்லை. அந்தப் பணத்தை மாதச் சம்பளத்தோடு ஒரே வரியில் எழுதினால்தான் கணக்கு கெடும்.

மூன்றாவது வகை எபேன் நகரின் கண்ணாடிக் கட்டடங்களில் இருக்கிறது. 1982இல் இந்தியாவும் மொரீஷியஸும் இரட்டை வரியைத் தவிர்க்க ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்படி, மொரீஷியஸில் பதிவான நிறுவனம் இந்திய நிறுவனத்தின் பங்கை விற்று லாபம் பார்த்தால் வரி போடும் உரிமை மொரீஷியஸுக்கு. மொரீஷியஸோ அத்தகைய லாபத்துக்கு வரி போடுவதில்லை. 1991இல் இந்தியா கதவைத் திறந்தது, 1992இல் மொரீஷியஸ் கடல்கடந்த நிறுவனங்களுக்கு, அதாவது இங்கே பதிவாகி வெளிநாட்டில் தொழில் செய்பவற்றுக்கு, சட்டம் இயற்றியது. அதன்பின் சுமார் 12 லட்சம் பேர் வாழும் தீவு, பல ஆண்டுகள் இந்தியாவுக்கு மிக அதிக முதலீடு அனுப்பும் நாடாகப் பட்டியலில் நின்றது. இந்தியாவின் சொந்தப் பணமே கொல்லைப்புறமாக வெளியேறி இந்த வழியாக வாசலில் வந்து நின்றதாகவும் குற்றச்சாட்டு நெடுங்காலம் இருந்தது. 2016இல் உடன்படிக்கை திருத்தப்பட்டது. 2017 ஏப்ரல் முதல் நாளிலிருந்து வாங்கிய பங்குகளின் லாபத்துக்கு இந்தியா வரி போடுகிறது.

இந்த நிறுவனங்கள் டாலரில் கணக்கு வைக்கின்றன. அமெரிக்காவிலிருந்து பணம் வருகிறது, மும்பைக்குப் போகிறது. நடுவில் எபேனில் ஒரு கோப்பு. அந்தக் கோப்புக்கு இங்கே வசிக்கும் இயக்குநர் இருவர் வேண்டும், இங்கே வங்கிக் கணக்கு வேண்டும், இங்கேயே தணிக்கை நடக்க வேண்டும். ரூபாயாவது அந்தக் கட்டணங்களும் இயக்குநர், தணிக்கையாளர், எழுத்தர் சம்பளமும் வரியும்தான். பெருந்தொகையில் இவை ஒரு துளி. ஆனால் படித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர் அந்தத் துளியில் வாழ்கிறார்கள். நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

புள்ளிவிவரம் குழப்புவது இங்கேதான். பேங்க் ஆஃப் மொரீஷியஸ் உள்நாட்டு முதலீட்டுக் கணக்கில் இந்தக் கடந்துபோகும் பணத்தைச் சேர்ப்பதில்லை. பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) கணக்கெடுப்பில் அது சேரும். அப்போது தீவின் முழுப் பொருளாதாரத்தைப் போலப் பல மடங்கு முதலீடு இங்கே குவிந்திருப்பதாகத் தெரியும். இரண்டும் பொய்யில்லை. 2019இல் பன்னாட்டு நிதியமும் கோபன்ஹேகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, உலக நேரடி முதலீட்டில் 40 விழுக்காட்டை நெருங்கும் பகுதி, சுமார் 15 லட்சம் கோடி டாலர், வெற்றுக் கூடுகள், அதாவது தொழில் எதுவும் செய்யாத பெயரளவு நிறுவனங்கள், வழியாகப் போகும் மாய முதலீடு என்றது. அதில் 85 விழுக்காட்டுக்கு மேல் 10 நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் தங்கியிருக்கிறது. மொரீஷியஸ் அந்தப் பத்தில் ஒன்று.

வாங்கும் பொருளில் பெரும்பகுதி கப்பலில் வரும் தீவுக்கு டாலர் எப்போதும் தேவை. 2020இல் எல்லை மூடிச் சுற்றுலா நின்றபோது அது உறைத்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாலர் 37 ரூபாய்க்கும் குறைவு. சில ஆண்டுகளில் 45ஐத் தாண்டியது. அரிசியும் பருப்பும் விலை ஏறின. அந்த நாட்களில் வில்லா வாங்க வந்த யூரோவும் கைகொடுத்தது என்பதை நான் மறுக்கவில்லை.

வந்த பணம் திரும்பும் வழியையும் பார்க்க வேண்டும். ஹோட்டல் லாபம் ஈவுத்தொகையாக வெளியேறுகிறது, தாய் நிறுவனக் கடனுக்கு வட்டி போகிறது. ஆலையிலும் கட்டுமானத்திலும் இப்போது வங்கதேசம், இந்தியா, மடகாஸ்கர் நாட்டுத் தொழிலாளர் நிறைய.  நேரம் கிடைக்கும்போது போர்ட் லூயியில் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை கட்டுகிறார்கள். போன வாரம் எனக்கு முன்னால் நின்ற இளைஞர் நூறு ரூபாய் நோட்டுகளை இரண்டு முறை எண்ணி, ரெங்கநாதன் சீனிவாசனின் முகம் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கிக் கண்ணாடித் துளை வழியாக உள்ளே தள்ளினார். உள்ளே இருந்த பெண் டாக்காவுக்கான தொகையைத் திரையில் தட்டினாள்.