கேட்டது 10, கிடைத்தது இருட்டு

ஒரு கருவியின் திரை வெளிச்சத்தை 1 முதல் 100 வரை மாற்றிக்கொள்ளலாம். 11 வைத்தால் மங்கலாக எரிகிறது. 10-க்கு இறக்கினால் பொட்டென்று அணைந்துவிடுகிறது. 11-க்கும் 21-க்கும் இடையில் எந்த வித்தியாசமும் இல்லை, 22-இல் சட்டென்று ஒரு குதி. பேனலை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பின்னொளியின் சிப்பைத் திட்டினோம். மூன்றாம் நாள்தான் மின் சிக்னலை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை எடுத்து வைத்தேன். முதல் நாளே வைத்திருக்க வேண்டும். பின்னொளிக்குப் போகும் சிக்னல் 20 கிலோஹெர்ட்ஸ் வரவேண்டிய இடத்தில் 20.83 வந்துகொண்டிருந்தது.

பின்னொளிக்குப் போவது பி.டபிள்யூ.எம்., அதாவது துடிப்பு அகலப் பண்பேற்றம். விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றி, எரியும் நேரத்தின் பங்கை வைத்து வெளிச்சத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். லினக்ஸில் மேலே இருக்கும் நிரல் நானோ நொடியில் கேட்கும்: சுற்று 50,000, அதில் எரியும் நேரம் 5,000. ஹார்டுவேருக்கு நானோ நொடி தெரியாது, கிளாக் துடிப்புகளை எண்ண மட்டுமே தெரியும். இரண்டுக்கும் நடுவில் டிரைவர் (ஹார்டுவேரை இயக்கும் நிரல்) போடும் நாலைந்து வரிக் கணக்கில்தான் எல்லா வில்லங்கமும் ஒளிந்திருக்கிறது.

எங்கள் சிப்பில் கிளாக் 24 மெகாஹெர்ட்ஸ், துடிப்புகளை எண்ணும் கவுண்டர் 16 பிட். கிளாக்கை 1, 2, 4 என்று 128 வரை வகுத்துத் தர ஒரு ப்ரீஸ்கேலர். 50,000 நானோ நொடி என்பது 1,200 துடிப்பு. கவுண்டர் 65,536 வரை எண்ணும் என்பதால் வகுக்கவே தேவையில்லை. ஆனால் டிரைவரை எழுதியவர் பெரிய எண்ணிலிருந்து தேட ஆரம்பித்து, கவுண்டருக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார். 128 அடங்கியது, அதோடு நிறுத்திவிட்டார். 1,200-ஐ 128 ஆல் வகுத்து மீதியை விட்டால் 9. ஆழாக்கில் அளக்க வேண்டியதை மரக்காலில் அளந்த கதை. 100 படி கேட்ட இடத்தில் 9 படி. 10 சதவீதம் என்பது 120 துடிப்பு. அது 128-ஐத் தொடாததால் பூஜ்யம். தேடலை 1-இலிருந்து மேல்நோக்கித் திருப்பியதும் ஒரு சதவீதத்துக்கே 12 துடிப்பு கிடைத்தது. மங்கல் வெளிச்சத்தில்தான் நம் கண்ணுக்குச் சிறு மாற்றமும் தெரியும், ஆகவே அங்கே படிகள் நெருக்கமாக இருந்தே ஆகவேண்டும்.

எரியும் நேரத்தை வைத்துக் கோணம் மாறும் சர்வோ மோட்டாரில் நிலைமை வேறு. சுற்று 20 மில்லி நொடி. கிளாக் 84 மெகாஹெர்ட்ஸ் என்றால் 16,80,000 துடிப்பு. 16 பிட்டுக்குள் அடக்கக் குறைந்தது 26 ஆல் வகுக்க வேண்டும். மீதியை விட்டால் 64,615 எண்ணிக்கை, சுற்று 119 நானோ நொடி குறையும். 28 ஆல் வகுத்தால் சரியாக 60,000, மிச்சமே இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் விதி, கேட்டதைத் தாண்டாத மிகப் பெரிய சுற்றைத் தேர்ந்தெடு என்கிறது. அப்படிப் பார்த்தால் 28. ஆனால் அவ்வளவு தூரம் தேடாமல் 26-இலேயே நின்றுவிடும் டிரைவர்களும் உண்டு. சர்வோவுக்கு 119 நானோ நொடி தூசு. நானும் 26-ஓடு விட்டுவிடுவேன்.

எரியும் நேரத்துக்கும் இதே விதிதான்: கேட்டதைத் தாண்டாதே. கிட்டத்தட்டச் சமமானதை எடுத்தால் என்ன என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். சுற்றுக் கணக்கில் கிட்டத்தில் இருப்பது, அதிர்வெண் கணக்கில் கிட்டத்தில் இல்லாமல் போகலாம். எல்லா டிரைவரும் கீழ்ப்பக்கமே இறங்கினால், மேலே இருப்பவர் எந்தச் சிப்பானாலும் ஒரே மாதிரி எதிர்பார்க்க முடியும். சரி, சிப்பில் எண்ணை எழுதி வைக்கும் ரிஜிஸ்டரைத் திரும்பப் படித்துச் சொல்லும்போது? அங்கே மேல்பக்கம் ஏற்ற வேண்டும். 30 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு 33.33 நானோ நொடி. அதை 33 என்று சொல்லிவிட்டு, அந்த 33-ஐயே மறுபடி எழுதினால் துடிப்பு பூஜ்யமாகிவிடும். 34 என்று சொன்னால் அதே 1 திரும்ப வரும். கெர்னலில் பி.டபிள்யூ.எம். டீபக் (பிழை தேடும்) வசதியை இயக்கினால் இந்தத் தவறுகளை அதுவே பிடித்து எச்சரிக்கும். புது டிரைவர் எழுதுபவர்கள் அதை இயக்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

இன்னொரு பழக்கம் எனக்குக் கோபம் வரவழைப்பது: கிளாக்கை முதலிலேயே பத்து லட்சத்தால் வகுத்து, மைக்ரோ நொடிக்கு இத்தனை துடிப்பு என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வது. 19.2 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் அது 19 ஆகிவிடும். 1.5 மில்லி நொடி கேட்ட சர்வோவுக்கு 1.484 போகும், கை கோணலாக நிற்கும். முதலில் பெருக்கு, கடைசியில் வகு. பெருக்கும்போது 64 பிட் வேண்டும். 32 பிட்டில் இந்தக் கணக்கு வழிந்துவிடும்.

அதே திரையில், அணை என்றதும் முழு வெளிச்சத்தில் எரிந்த நாளும் ஒன்று உண்டு. பி.டபிள்யூ.எம்.-ஐ நிறுத்தினால் சிப்பின் வெளியீட்டுக் கால் (பின்) தாழ்ந்த மின்னழுத்தத்தில்தான் நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சில சிப் இருந்த நிலையிலேயே உறைந்துவிடும். எங்களுடையது உச்சத்தில் உறைந்திருந்தது. இப்போது நாங்கள் அதை நிறுத்துவதே இல்லை. எரியும் நேரத்தைப் பூஜ்யமாக வைத்து ஓடவிடுகிறோம்.