மைக்கைக் குறை சொல்வதற்கு முன்னால்

"சார், 60,000 ரூபாய் போட்டு வாங்கியும் எக்கோ அடிக்குது. டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிட்டாங்களா?" என்று ஒரு பெண் கேட்டார். வீட்டிலிருந்தே ஆடியோ புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பவர். வளையலை அடகு வைத்து அந்த மைக்கை வாங்கியிருக்கிறார். முன்பு வைத்திருந்த 3,000 ரூபாய் மைக்கில் பேசியதையும் புதியதில் பேசியதையும் அனுப்பச் சொல்லி, அடுத்தடுத்துக் கேட்டேன். புதிய மைக் அசல்தான். பழையதில் இரைச்சலுக்குள் பாதி ஒளிந்திருந்த எக்கோ, புதியதில் பளிச்சென்று கேட்டது. காலி அறை, டைல்ஸ் தரை, வாய்க்கும் மைக்குக்கும் நடுவே இரண்டடி. எல்லாம் அப்படியே இருக்க, மைக் மட்டும் மாறியிருந்தது.

மற்றவர்கள் வீட்டில் பதிவு செய்து அனுப்பும் குரல்களைச் சுத்தம் செய்து மிக்ஸ் பண்ணுவது என் தொழில். இதே கதையை இன்னொரு முறை கேட்க எனக்குப் பொறுமை இல்லை. பாடுகிற பிள்ளைகள், பாட்காஸ்ட் தொடங்குபவர்கள், டப்பிங் வாய்ப்புக்காக வாய்ஸ் சாம்பிள் தயார் செய்பவர்கள் என்று எல்லோரும் கையில் இருக்கிற மைக்கைத் திட்டிவிட்டு, அடுத்த மைக்குக்குக் கடன் வாங்கப் போகிறார்கள். எனக்கு வரும் ஃபைல்களில் மைக்கால் கெட்டவை அபூர்வம். அறையால் கெட்டவை, தூரத்தால் கெட்டவை, கரண்டால் கெட்டவைதான் நாள் முழுக்க வருகின்றன.

நம்மூரில் படுக்கையறை என்றால் பத்துக்குப் பத்து. கூரையும் ஏறக்குறைய பத்தடி உயரம். குரல் பதிவுக்கு இதைவிட மோசமான அளவு கிடையாது. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே சில அதிர்வெண்கள் மட்டும் மாட்டிக்கொண்டு வீங்கும். பத்தடி இடைவெளியில் அது சுமார் 56 ஹெர்ட்ஸில் தொடங்கி 112, 168 என்று மடங்குகளாகப் போகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவு என்றால் மூன்றின் வீக்கமும் ஒரே இடத்தில் வந்து சேரும். ஆண் குரலின் அடிநாதம் பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். கீழ் ஸ்தாயியில் பாடும்போது ஒரு ஸ்வரம் மட்டும் 'பூம்' என்று பெருத்து, அடுத்த ஸ்வரம் மெலிந்து கேட்கிறதே, அது இதனால்தான். மைக்கை மாற்றினால் சுவர் நகர்ந்துவிடுமா?

அறையின் நட்டநடுவில் நின்று பாடாதீர்கள், மூலையிலும் வேண்டாம். ஒரு சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நின்று பாருங்கள். அங்கே ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய பிறகு 'ட்ர்ர்ங்' என்று உலோகச் சத்தம் இழுத்தால் அந்த இடம் இன்னும் தயாராகவில்லை.

இப்போது முட்டை அட்டைக்கு வருகிறேன். எத்தனை பேர் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, பெயின்ட் வேறு அடித்து, போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள்! தயவுசெய்து அவற்றைக் கழற்றுங்கள். காகிதக் கூழில் செய்த அந்த மெல்லிய அட்டை, மிக உயர்ந்த அதிர்வெண்களைக் கொஞ்சம் சிதறடிக்கும். அதற்கு மேல் அதனால் ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டு டிவியை அது தடுக்காது. உங்கள் குரலின் அடிப்பகுதி அதை மதிக்கவே மதிக்காது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், மெல்லிய அட்டையால் அதை என்ன செய்ய முடியும்? தீப்பிடித்தால் மட்டும் அறை முழுக்க நொடியில் பரவும்.

ஆன்லைனில் கட்டுக்கட்டாக விற்கும் ஒரு இஞ்ச் கறுப்பு ஃபோமும் பெரிதாக வேறுபட்டதில்லை. ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைத்தான் அது நன்றாக உறிஞ்சும். நாலு சுவரிலும் ஒட்டினால் குரலின் பளபளப்பு போய்விடும், பூம் அப்படியே நிற்கும். அப்புறம் "குரல் மந்தமா இருக்கு, மைக் மாத்தணுமா அண்ணா?" என்று கேள்வி வரும்.

இதில் இரண்டு வேலைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒன்று. அதற்குக் கனமான சுவரும், இடுக்கில்லாத கதவும் ஜன்னலும் வேண்டும். கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து இருந்தால் மொத்தச் சத்தமும் அதன் வழியாகவே வரும். உள்ளே எழும் எதிரொலியை அடக்குவது இன்னொன்று. அதற்குத் தடிமனான, காற்று நுழையக்கூடிய மெத்தென்ற பொருள் வேண்டும். மெத்தென்ற எந்தப் பொருளும் ஆட்டோ சத்தத்தை நிறுத்தாது. 'சவுண்டு ப்ரூஃப் ஃபோம்' என்று பெட்டியில் அச்சடித்திருந்தாலும் நிறுத்தாது. கடைக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அவரே ஒப்புக்கொள்வார்.

செலவில்லாத வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். துணி அடைத்த பீரோவின் கதவுகளைத் திறந்துவையுங்கள். தரையில் ஜமக்காளம், கொடியில் இரட்டையாக மடித்த கம்பளி. காசு இருந்தால் நாலு இஞ்ச் ராக்வுல் (கல் இழைப் பஞ்சு) பலகைகளைத் துணியால் முழுக்க மூடி, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள். துணி மூடாமல் மாட்டவே கூடாது. அந்த இழைகள் நுரையீரலுக்கு ஆகாது.

மெத்தையை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் வளைவான ஃபோம் கவசம் வாங்கி மாட்டுவார்கள். கார்டியாய்டு (முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கும்) மைக் தன் முதுகுப் பக்கத்தை ஏற்கெனவே அவ்வளவாகக் கேட்பதில்லை. அது உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெறுஞ்சுவரிலிருந்து திரும்பி வருவதுதான் நேராக அதற்குள் போகிறது. மெத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால் வரவேண்டும். இந்த ஒன்றைச் செய்துவிட்டு அனுப்பிய ஃபைலையும் பழைய ஃபைலையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால், மைக்கையே மாற்றிவிட்டீர்களோ என்று தோன்றும்.

தூரத்துக்கு நான் நீண்ட விளக்கம் தரப்போவதில்லை. ஓரடியில் பேசுவதை அரை அடியாக்கினால் உங்கள் குரல் 6 டெசிபல் கூடும்; அறையின் எதிரொலி இருந்த அளவிலேயே இருக்கும். விலை குறைந்த மைக்குக்கு இது இரட்டை லாபம், ஏனென்றால் அதன் சொந்த இரைச்சலும் கீழே போய்விடும். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நன்றாக விரித்தால் வருகிற ஒரு சாண் தூரம் போதும். இன்னும் நெருங்கினால் அடிக்குரல் தடிக்கும், 'ப' சொல்லும்போது காற்று அடிக்கும். பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் திரை) போடுங்கள், அல்லது மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள்.

"டைனமிக் மைக் வாங்கினால் அறை எக்கோ வராதாமே?" என்பது அடுத்த நம்பிக்கை. மேடையில் பாடகர்கள் கையில் பிடித்துப் பாடுகிற வகைதான் டைனமிக். டைனமிக்கை உதட்டருகே வைத்துப் பேசுகிறோம், அதனால் எக்கோ குறைகிறது. அதையே இரண்டடி தள்ளி வைத்துப் பேசிப் பாருங்கள், அதே எக்கோ கேட்கும். கெயினை (மைக் சத்தத்தைப் பெருக்கும் அளவை) ஏற்றியதால் இரைச்சல் வேறு சேர்ந்து வரும். அமெரிக்க அதிபர் பேசும் மேடையில் பல பத்தாண்டுகளாக நிற்பது 1965இல் வந்த ஷூர் எஸ்எம்57. கிடார் ஆம்ப்புக்கு முன்னால் உலகமெங்கும் வைக்கும் சாதாரண டைனமிக் மைக் அது. கோட்டையே வாங்கக்கூடியவர்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது.

விலை குறைந்த மைக்கில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மலிவான கண்டென்சர்கள் (நுணுக்கமான சத்தத்தையும் பிடிக்கும், வேலை செய்யக் கரண்ட் கேட்கும் மைக் வகை) பலவற்றில் 8,000 முதல் 12,000 ஹெர்ட்ஸ் வரை தூக்கலாக இருக்கும். கடையில் கேட்கும்போது தெளிவாகத் தோன்றும். 'ச', 'ஸ' வருகிற இடமெல்லாம் காதைக் கிழிக்கும். அதற்கும் மைக்கைச் சற்றுத் திருப்பி வைப்பதே முதல் மருந்து, மிச்சத்தை மிக்ஸில் நாங்கள் பார்த்துக்கொள்வோம். இன்னொரு விஷயம், சொல்லவே சங்கடமாக இருக்கிறது: பெரிய டயாஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் மெல்லிய சவ்வு) கண்டென்சர்களில் பெரும்பாலானவை பக்கவாட்டில் பேச வேண்டியவை. உச்சந்தலையில் பேசிவிட்டு "குரல் தூரமா கேக்குது" என்று வருபவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எந்தப் பக்கம் முகப்பு என்று வாங்கிய அன்றே பாருங்கள்.

ஸ்டாண்டு, பாப் ஃபில்டர், குட்டி சவுண்டு கார்டு எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் விற்கும் செட் பற்றி ஒரு வார்த்தை. அந்த மைக்குகள் பல 48 வோல்ட் ஃபேன்டம் பவருக்காக (மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் கரண்ட்) செய்தவை. கூடக் கொடுக்கும் கேபிளைக் கம்ப்யூட்டரின் 3.5 எம்எம் துளையில் சொருகினால் கிடைப்பது சில வோல்ட்தான். சத்தம் சன்னமாக வரும், நீங்கள் கெயினைத் தூக்குவீர்கள், இரைச்சல் கொட்டும். அதே மைக்கை 48 வோல்ட் தரும் சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) போட்டால் பாதிக் குறை தீர்ந்துவிடுகிறது. (48 என்ற எண் வந்த விதம் எனக்குப் பிடிக்கும். 1966இல் நார்வே வானொலிக்காக நியூமேன் நிறுவனம் மைக் செய்தபோது, அங்கே அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் லைன் இருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள்.) மைக்கைச் சொருகுவதும் கழற்றுவதும் ஃபேன்டமை அணைத்து, கொஞ்சம் பொறுத்து. ஹெட்ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

கரண்ட் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். பதிவில் 'ம்ம்ம்' என்று ஹம் வருகிறது என்பதற்காக பிளக்கின் எர்த் பின்னை வெட்டி எறிகிறார்கள், அல்லது இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் சொருகுகிறார்கள். பாடும்போது உதட்டில் சுரீர் என்று லேசாக அடித்தால் "சும்மா ஸ்டாடிக்" என்று தள்ளிவிடுகிறார்கள். 1972இல் வேல்ஸில் உள்ள ஸ்வான்ஸி நகரில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே ஷாக் அடித்து இறந்தார். உதட்டில் சுரீர் என்றால் அந்த நிமிடமே பதிவை நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மைக்குக்குச் சேர்த்த பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். ஹம் மட்டும்தான் பிரச்சினை என்றால், சார்ஜரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்து பாருங்கள். பெரும்பாலும் போய்விடும்.

ஃபேன், ஃப்ரிட்ஜ், ஏசி மூன்றையும் நிறுத்துங்கள். வேர்க்கும், தெரியும். பத்து நிமிடம் பேசி, ஐந்து நிமிடம் ஃபேன் போட்டு, மறுபடி பேசுங்கள். ஃபேனை ஓடவிட்டுப் பேசி, நாய்ஸ் ரிமூவலில் துடைத்தால் போகும் என்று நினைக்காதீர்கள். இரைச்சலோடு சேர்ந்து குரலின் ஓரங்களும் போய், தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். ஆடியோ புத்தகத் துறையில் பேசாத இடத்தின் இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். ஃபேன் ஓடும் அறையில் அது நடக்காது. ஃபேன் இல்லாமல், ஒரு சாண் தூரத்தில், மெத்தை முதுகுக்குப் பின்னால் இருந்தால், உங்கள் 3,000 ரூபாய் மைக்கே அதைத் தாண்டிவிட வாய்ப்பிருக்கிறது.

சென்னை மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் கண்டென்சரைத் திறந்தபடி ஸ்டாண்டிலேயே விட்டுவிடாதீர்கள். ஈரம் ஏறினால் 'பட் பட்' என்று வெடிக்கும் சத்தம் வரும், ஐப்பசி கார்த்திகையில் இந்தப் புகார் எனக்கு வரிசையாக வரும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவு போதும். மைக் முன்னால் ஊதுபத்தி வேண்டாம்.

லெவல் வைக்கும்போது சிவப்பு விளக்கைத் தொடப் பார்க்காதீர்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்குப் பக்கத்தில் இருந்தாலே தாராளம். சன்னமாக வந்ததை நான் உயர்த்திக்கொள்வேன். கிளிப் ஆனதை (அளவு மீறி உடைந்த சத்தத்தை) யாராலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது.

அடுத்த மைக் வாங்கும் எண்ணம் இன்னும் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பு ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். இப்போது இருக்கிற மைக்கில், மேலே சொன்னபடி, ஒரு பத்தி வாசித்துப் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் பத்து விநாடி பேசாமல் விடுங்கள், அறையின் இரைச்சலை அளக்க அது வேண்டும். ரிவெர்ப், ஈக்யூ, கம்ப்ரஸர் என்று எந்த எஃபெக்டும் போடாத வேவ் (.wav) ஃபைலாக, பதிவைக் கையாளத் தெரிந்த யாரிடமாவது காட்டிக் கருத்துக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள், நசுங்கிப் போய் ஒன்றும் தெரியாது. டிரைவ் லிங்க் கொடுங்கள்.